நாற்காலிக்கு வைத்த பொட்டு

எங்கள் அத்தைக்குக் கம்பெனியில் நாற்காலி கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி, அத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவர் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். கீழே ஷூ கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கிக்கொண்டு, மலை ஏறி முடிப்பதற்குள் அதற்குக் கண் மூக்கு வைத்து, புதூர்நாட்டில் வண்டியை நிறுத்தியதும் என் அப்பாவிடம் இறக்கிவைத்தார்.

"உன் தங்கச்சிக்கு யோகந்தாம்பா. தனியா சேர் போட்டு உக்கார வெச்சிட்டாங்களாம். வேலையே கெடையாதாம். சம்பளம் மட்டும் வந்துக்கினே இருக்குமாம்."

அப்பா அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்த நடையே வேறு. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று சொல்லிக்கொண்டு வந்ததில், அவர் வந்து சேர்வதற்குள் சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் நாற்காலி என்பது சும்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு ஒன்று உண்டு, ரேஷன் கடையில் ஒன்று உண்டு. பாரஸ்ட்காரர்களோ வி.ஏ.ஓ.வோ மேலே வந்தால் யாராவது ஓடிப்போய் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் உட்காருகிறவர் ஆபீசர், ஆபீசர் என்றால் வேலை செய்ய மாட்டார், ஆகவே வேலை செய்யாமல் நாற்காலியில் உட்காரும் எங்கள் அத்தை ஆபீசர். இந்தக் கணக்கில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் எப்படி வரும்?

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. பத்தாவது முடித்துவிட்டு, எங்கள் ஊரிலிருந்து ஷூ கம்பெனிக்கு முதன்முதலில் இறங்கிப் போனவள் அவள்தான். அவளைப் பார்த்துதான் சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்களெல்லாம் போனார்கள். காலையில் கம்பெனி வேன் மலைமேலே வந்து ரோட்டோரம் நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு போகும், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடும். அத்தைக்குத் தையல் லைனில் வேலை. ஷூவில் அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் மேல்பாகம் மட்டும் தோலில் தைத்து வருமே, அதற்கு அப்பர் என்று பெயர். அதைத் தைக்கிற மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று இப்போது தோன்றும். மிஷின் ஸ்டூலில் உட்காருவதற்கும் நாற்காலியில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சேதி பரவிய வாரத்திலேயே வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பலாப்பழக் காலம் அது. மேலத்தெருக்காரர் ஒருவர் முழுப் பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கி, தன் மகளுக்கும் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கும்படி கேட்டார். தையலெல்லாம் அவளுக்கு வராதாம், உட்காரச் சொன்னால் நன்றாக உட்காருவாளாம். இன்னொரு பெண்மணி மலைத்தேன் கொண்டுவந்தாள். அத்தை யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்ண்ணா", "பாக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். ஆபீசர்கள் அப்படித்தான் பிடிகொடுக்காமல் பேசுவார்கள் என்று ஊருக்கு இன்னும் மரியாதை கூடியது. பலாச்சுளையில் பாதிக்கு மேல் தின்றது நானும் தம்பியும்தான். எங்களுக்கும் அத்தையின் பதவி உயர்வில் முழுத் திருப்தி.

அப்பாவுக்கு அதோடு ஆசை அடங்கவில்லை. ஒருநாள் திருப்பத்தூர் போய்விட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி ஜீப் மேலே கட்டிக்கொண்டு வந்தார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் ஒற்றையடிப் பாதைதான். அதைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் மேடேறி வந்தபோது, நாலு கால் மேலே நீட்டிக்கொண்டு ஏதோ மிருகம் வருகிறது என்று நாய்கள் குரைத்தன. அத்தை வேலையிலிருந்து திரும்பியதும் அதை நடுவீட்டில் போட்டு, துண்டால் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னார்.

"இன்னாத்துக்குண்ணா இது?"

"கம்பெனியில சேர்ல உக்கார்ற. வூட்ல வந்து தரையிலயா உக்காருவ? நாலு பேரு வந்து போற வூடு."

அத்தை அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனவள் வெகுநேரம் வரவே இல்லை. அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. அதற்கப்புறமும் அவள் அதில் உட்காரவே இல்லை. நான் உட்கார்ந்தேன், தம்பி உட்கார்ந்தான், ஒரு கோழி முட்டை வைக்க இடம் பார்த்துவிட்டுப் போனது. யாருக்காக வாங்கினதோ அவள் மட்டும் உட்காரவில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு, இன்றைக்கும் போகவில்லை. ஒரு விஷயம் பிடிபடவில்லையென்றால் அதன் அடிமண் வரைக்கும் தோண்டாமல் விட மாட்டேன். அம்மா எனக்கு வைத்திருந்த செல்லப் பெயர் நொய்நொய். அந்தக் குணத்தோடு அத்தையைக் கவனிக்கத் தொடங்கினேன். நாற்காலி என்ன, அவள் வீட்டில் எங்கேயுமே உட்காருவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கேழ்வரகுக் களியைத் தட்டில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றபடியே சாப்பிட்டாள். குடம் நிறைந்திருந்தாலும் தண்ணீருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்காமல் விடிந்ததும் சாமைக்கொல்லையில் களை பறிக்க இறங்கினாள். அம்மா கூப்பிட்டாலும் வரப்பில் ஏறி உட்கார மாட்டாள். ஆறு நாள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஆபீசருக்கு இதெல்லாம் எதற்கு?

ஒருநாள் கொல்லையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்த, நீ கம்பெனியில இன்னா பண்ணுவ?"

"உக்காந்துக்கினு இருப்பேன்."

"உக்காந்து?"

"செவுத்த பாத்துக்கினு இருப்பேன்."

"செவுத்துல இன்னா இருக்கு?"

அவள் களையைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். "மஞ்சா பெயிண்ட்டு அடிச்சிருக்கு. கீழாண்ட கொஞ்சம் உரிஞ்சிக்கினு இருக்கும். ஒரு சாயலுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்."

விடவில்லை நான். எழுந்திருக்கலாமா என்று கேட்டேன், கூடாது என்றாள். பேசலாமா, கூடாது. தூங்கலாமா, திரும்பிப் பார்க்கலாமா, செல்போன் பார்க்கலாமா, எல்லாவற்றுக்கும் கூடாதுதான். மற்றவர்கள் அவளோடு பேசலாமா என்றதற்கு, பேசினால் அவர்களுக்கும் நாற்காலி கிடைக்கும் என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தாள். அப்படியானால் எல்லோரும் ஓடிவந்து பேச வேண்டியதுதானே என்று நினைத்தேன். இது தண்டனையாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்டனை என்றால் முட்டி போடவேண்டும், இல்லாவிட்டால் பெஞ்சு மேல் ஏறி நிற்கவேண்டும். நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்டித்த வாத்தியாரை நான் கண்டதில்லை.

சரி, அப்படி உட்கார்ந்தால் எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிட முடிவு செய்தேன். சிவப்பு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பிக்கு மேனேஜர் உத்தியோகம் கொடுத்தேன், அவனும் கையில் ஒரு குச்சியோடு வந்து பின்னால் நின்றுகொண்டான். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு மூக்கு அரித்தது. மூக்கைச் சொறியலாமா கூடாதா என்று அத்தையிடம் கேட்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் வாசலில் இரண்டு கோழிகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. எது ஜெயிக்கிறது என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து தானாகவே திரும்பியது, மேனேஜர் குச்சியால் ஒன்று வைத்தான். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் நான் எழுந்து மேனேஜரைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டேன்.

எப்படி அத்தை உன்னால் முடிகிறது என்று அன்று சாயங்காலமே கேட்டேன். "கண்ணத் தெறந்துக்கினே மனசுக்குள்ள தெச்சிக்கினு இருப்பேன். லைன்ல மத்தவங்க மிஷின் சத்தம் பின்னாடி கேக்கும் இல்ல, அதுக்குத் தோதா நானும் ஓட்டுவேன். நேத்து நல்லா ஓடுச்சி" என்றாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தின்போது நானும் மனசுக்குள் புளியமரம் ஏறிப் பார்த்தேன்.

அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதை நான் துண்டு துண்டாகப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனியில் ஆர்டர் அவசரம் என்றால் சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் வந்து, இன்றைக்கு ஓவர்டைம், யாரும் போகக் கூடாது என்பார்கள். கீழே இருக்கிறவர்கள் எப்படியோ வீடு போய்விடுவார்கள். மலைப் பெண்களை வேன் இருட்டில் கொண்டுவந்து ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து காட்டுப் பாதையில் அவரவர் ஊருக்கு நடக்கவேண்டும். அப்படி நடந்தபோது ஒருநாள் கரடி குறுக்கே வந்து, அத்தையோடு லைனில் இருந்த ஒரு அக்கா பயந்து ஓடிப் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஓவர்டைம் வேண்டாம் என்றுகூட இவர்கள் சொல்லவில்லை. இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், வீட்டிலிருந்து யாரையாவது டார்ச் லைட்டோடு வரச் சொல்லிக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். அதற்கே, கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா என்று மேனேஜருக்குக் கோபம்.

அதனால் சங்கத்தில் சேர்ந்தார்கள். வேலை செய்கிறவர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் கம்பெனி கேட் வரைக்கும் வந்து, வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்க வேண்டும். யார் யார் சேர்ந்தார்கள் என்பதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். லேபர் ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தபோது, குறை இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்களாம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தை ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள். மறுநாள் அவளுடைய மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள், சுவரோரம் நாற்காலி கிடந்தது. கூட இருக்கிறவர்கள் பெயரைச் சொல்லிவிட்டால் மிஷினுக்குத் திரும்பலாம், சொல்ல மனமில்லையென்றால் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், இரண்டும் செய்யாவிட்டால் உட்கார்ந்திருக்கலாம் என்றார் மேனேஜர்.

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் இது தெரியும். அப்பாவிடம் சொன்னால், போதும் கம்பெனி என்று நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார். அவரோடு சேர்ந்து ஊரிலுள்ள அப்பாக்களெல்லாம் அவரவர் பெண்களை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண்களும் அதற்குப் பயந்து வீட்டில் மூச்சு விடவில்லை. அதனால்தான் ஊர் தன்னை ஆபீசர் என்று சொன்னதை அத்தை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டாள். வெட்கக்கேட்டை விருதாகத் தூக்கிச் சுமப்பது எத்தனை பாரம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒருநாள் நான் அடுப்படியில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அம்மாவும் அத்தையும் பேசினார்கள்.

"ஆயுத பூஜ முடிஞ்சதும் எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன் அண்ணி. என்னால முடியல. ராத்திரி கண்ண மூடினா அந்தச் செவுரு வருது."

"உன் இஷ்டம்மா. ஆனா நீ வந்துட்டா அந்தப் புள்ளைங்க?"

"நான் போய்ட்டாதான் அதுங்களுக்கு நல்லது. நான் அங்க இருக்கறவரைக்கும் என்கிட்ட எவ வந்து பேசறா, எவ என்னப் பாத்து சிரிக்கறான்னு பாத்துக்கினே இருக்காங்க."

கிடைத்த நாற்காலியை ஏன் விட்டுவிட்டு வருகிறாள் என்றுதான் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒருமுறையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மறுநாள் முதல் நச்சரிக்க ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை போடுவார்கள், வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். "சரி வா. அப்புறம் பாக்க முடியாது" என்று அத்தை எனக்குத் தலை வாரிவிட்டாள். பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு விடியும் முன்பே ரோட்டுக்கு நடந்தோம்.

வேனில் நடந்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வரும். வேன் நிறையப் பெண்கள், ஆனால் அத்தையோடு ஒருவரும் பேசவில்லை. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை ரோட்டைப் பார்க்க வைத்தது போலத் தெரியவில்லை, எங்களைத்தான் பார்த்தது. அதற்குப் பதிலாக எல்லோரும் என்னோடு பேசினார்கள். கை உடைந்து சேர்ந்திருந்த அக்கா, எங்கள் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்தவள், குனிந்து என் ரிப்பனைச் சரிசெய்வது போல, "பாப்பா, உங்க அத்தைக்கு முதுகு வலி எப்டி இருக்குன்னு கேளு" என்றாள். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தேவலன்னு சொல்லு பாப்பா" என்றாள். இரண்டு பேர் காதும் என் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தன. இருந்தாலும் நான் கடமையாகத் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருத்தி முறுக்கு கொடுத்தாள், ஒருத்தி கொய்யாப்பழம், ஒருத்தி என் கன்னத்தைத் தடவி முத்தம் கொடுத்தாள். மலை இறங்கி முடிப்பதற்குள் என் பாவாடை மடி நிறைந்துவிட்டது. நான் அத்தனை அழகாக இருந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே தோலும் பசையும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. ஒரு பெரிய மேசை நிறைய ஷூக்கள் இருந்தன, எல்லாமே இடதுகால் ஷூக்கள். வலதுகால்களெல்லாம் எங்கே என்று கேட்டேன், அது அடுத்த மேசை என்று காட்டினார்கள். அவ்வளவு ஷூவையும் போட்டுக்கொள்கிறவர்கள் யார் என்று கேட்டேன். கப்பலில் போகிறது என்றார்கள். கப்பலில் போகிறவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி கேட்பதற்குள், ஒரு அக்கா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்துவிட்டாள். மிஷின்களைத் துடைத்து வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை கையால் பொட்டு வைத்தால் வருஷம் பூரா ஊசி உடையாதாம்.

அது போதாதா எனக்கு? ஒவ்வொரு மிஷினாகப் போனேன். "இங்க வா குட்டி, என் மிஷினுக்கு", "மோட்டாருக்கும் ஒண்ணு வெய்யி" என்று நாலாபக்கமும் கூப்பிட்டார்கள். அவரவர் எதை வைத்து வேலை செய்கிறார்களோ அதற்குப் பொட்டு. கத்தரிக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, பசைத் தூரிகைக்குப் பொட்டு, எடை மிஷினுக்குப் பொட்டு. கூட்டுகிற அம்மா தன் துடைப்பத்தை நீட்டினாள், அதற்கும் வைத்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சம். அத்தையின் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி கிடந்தது. வெளுத்துப்போன நீல நிறம், ஒரு கைப்பிடி உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டு நாற்காலியே இதைவிட நன்றாக இருக்கும். எதிரே மஞ்சள் சுவர். பெயிண்ட் உரிந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன், எனக்கு ஆட்டுக்குட்டி தெரியவில்லை. பூஜை நாளானாலும் அத்தை அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஊரே கொண்டாடுகிற நாற்காலியை இவர்கள் பூஜை நாளில்கூடத் துடைக்காமல் போட்டிருக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பாவாடை நுனியால் அதைத் துடைத்தேன். முதுகுச் சாய்வில் பெரிய சந்தனப் பொட்டு ஒன்று வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பிறகு கீழே உட்கார்ந்து நாலு காலுக்கும் வைத்தேன்.

சூப்பர்வைசர் வந்தார். "ஏய் பாப்பா, இதுக்கெல்லாம் யாரு வெக்கச் சொன்னா?"

"இதான எங்க அத்த வேல செய்யறது. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதுக்கு வெக்கலன்னா சாமி கோச்சிக்கும்" என்றேன்.

லைனில் எங்கேயோ ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டு, உடனே நின்றது. சூப்பர்வைசர் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கப் போனார். கல்கண்டுத் தட்டோடு நின்றிருந்த மேனேஜர் அவரைத் தடுத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, புன்சிரிப்புதான். "வுடுப்பா, கொழந்த. நீ போன எடு. யாரு யாரு வராங்களோ வரட்டும், போட்டோ புடி" என்றார்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தப் போட்டோக்களில் இருந்தவர்களை லீவு முடிந்ததும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சங்கத்தில் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அத்தையும் எழுதிக் கொடுக்கவில்லை, காலையில் வழக்கம்போல வேன் ஏறிவிட்டாள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள் போட்டார்கள், போதாமல் கேன்டீனிலிருந்தும் எடுத்துவந்தார்கள். பேசக் கூடாது என்ற சட்டம் அத்தனை பெண்களிடம் எத்தனை நாள் செல்லும்? இந்தப் பக்கம் லைனில் மிஷின்கள் பாதி காலியாகக் கிடக்க, கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு தேங்கியது. கொஞ்ச நாளில் ஒவ்வொருத்தியாக மிஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தியை அவள் புருஷன் வேலையை விட்டு நிறுத்திவிட்டான். வேறு சிலர் பயந்து தாங்களே விலகினார்கள். அத்தையை மட்டும் ஏதோ காரணம் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் முழுதும் தெரிந்தது. பிறகு, வேலையைத் திருப்பிக் கேட்டுச் சங்கம் போட்ட கேஸ் நடக்கும்போதெல்லாம் அவரே அத்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கேஸ் இன்னும் நடக்கிறது. அத்தைக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவன் பள்ளிக்கூடமும் போகிறான். வாய்தாவுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம், "அங்கயும் உக்காரத்தான் வெக்கறாங்க" என்று சிரிப்பாள். கம்பெனியில் இப்போது ஓவர்டைம் இருந்தால் காலையிலேயே போர்டில் எழுதிவிடுகிறார்களாம். போன மாதம் அந்த லைனில் வேலை செய்கிற ஒரு பெண் சொன்னாள், அது எப்படி வந்த வழக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு நான் கண்டது இவ்வளவுதான். மேனேஜர் போட்டோ பிடிக்கச் சொன்னார், சூப்பர்வைசர் போனைத் தூக்கிப் பிடித்தார். லேபர் ஆபீசர் முன்னால் தரையைப் பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். முதலில் அந்தக் கை உடைந்த அக்கா தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மாராப்பைச் சரிசெய்து இழுத்துச் செருகிக்கொண்டாள். நடந்து வந்து, என் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, நான் வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி நின்று போனை நேராகப் பார்த்தாள்.

அடுத்து வந்தது வாணியம்பாடி அக்கா, அத்தைக்கு அடுத்த மிஷினில் இருந்தவள். அவள் பொட்டு வைக்கவில்லை. முக்காட்டுக்குள் கையை விட்டுத் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, உடைந்த கைப்பிடியைக் கட்டியிருந்த கம்பி மறையும்படி சுற்றினாள். "இன்னா மா, உன் சீட்டுக்கு மட்டும் பூ இல்லியா?" என்று அத்தையிடமே, உரக்கக் கேட்டாள். அவளும் திரும்பி நின்று, முக்காட்டை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள். அதற்கப்புறம் லைன் லைனாக எழுந்து வந்தார்கள். ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஒருத்தி பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். பொட்டு வைத்துவிட்டு ஒவ்வொருத்தியும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றுவிட்டுத்தான் போனாள். அத்தை கேட்டும் கேட்காத குரலில், "வேணாம்டி, போங்கடி, போங்கடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் மலையில் அப்போது போட்டோ என்பது பெரிய விஷயம். கல்யாணத்தில்கூடக் கடைசி வரிசையில் முட்டிமோதி நின்றால்தான் தலை மட்டுமாவது விழும். இவ்வளவு பெரிய மனிதர் சும்மா எடுத்துக் கொடுக்கிறார், யாருக்குத்தான் ஆசை இருக்காது என்று நினைத்தேன். நானும் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று பல் தெரியச் சிரித்தேன். அத்தை மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். போட்டோ கெட்டுவிடப்போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கையை எடு அத்தை, எல்லாரும் நல்லா நிக்கறாங்க பாரு என்று அவள் விரல்களைப் பிடித்து இழுத்தேன்.